இனிஷியல்

காலை நாலே முக்கால்.
கோட்டை அகழியில் நிலா இன்னும் கரையேறவில்லை.
ஊக்கு நாலு கொடுத்தார்கள், ஒன்று வளைந்தது.
மார்பில் குத்திக்கொண்டேன் எண் 614,
அதன் கீழே
கே. எத்திராஜ், நாயக்.

ஆளுக்கொரு பெயர்.
அந்தப் பெயருக்காக ஓட வேண்டுமாம்
இருபத்தொரு கிலோமீட்டர்.
கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் கம்பெனி தரும்
முன்னாள் ராணுவத்தினர் மருத்துவ நிதிக்கு.

நான் தேசத்துக்காக வந்தவள் இல்லை.
மேல்விஷாரம் ஷூ கம்பெனியில்
குறை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு.
ஏற்றுமதிக்கு ஆகாதென்று
நானே சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட ஜோடி
என் காலில்.
இடது குதிகாலில் ஒரே ஒரு தையல் தாண்டியிருக்கிறது.
அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று
தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.
அவ்வளவுதான்.

தொரப்பாடியில் ஜெயில் சுவரோடு ஓடினோம்.
பாகாயத்தில் பால்காரர் வண்டியை நிறுத்தி
எதுக்கு ஓடுறீங்க என்றார்,
யாருக்கும் பதில் சொல்ல மூச்சில்லை.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி வாசலில்
இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள்
நாங்களும் யாரையோ தேடி வருகிறோம் என்று
எழுந்து வழிவிட்டார்கள்.
கணியம்பாடியில் வெயில் வந்துவிட்டது.
தையல் வாயைத் திறந்ததும் அங்கேதான்.

பதினெட்டாவது கிலோமீட்டர்.
வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்துக்குப் போன ஊரின் எல்லை.
பெஞ்சு போட்டு, குடத்தில் உப்பும் எலுமிச்சையும் கலந்து
வயதானவர்கள் வரிசையாக நின்றார்கள்.
ஒருவர் டம்ளரை நீட்டினார்,
என் மார்பைப் படித்தார்,
நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"கே-வா?
நான் வி. எத்திராஜ்.
அவன் ஏரிக்கரைத் தெரு. நான் கோயில் தெரு.
ரெண்டு பேரு மணியார்டரும் மாறி மாறிப் போவும்.
அவன் பணத்துல எங்கம்மா ஒருவாட்டி
ஆடே வாங்கிட்டா."
சிரித்தார். பல் நாலைந்துதான்.

"எழுபத்தொண்ணு டிசம்பர்ல
தந்தியும் மாறித்தான் வந்துச்சு.
போஸ்ட்மேன் புதுசு.
ஒரு ராத்திரி பூரா நான் செத்துட்டேன் இந்த ஊர்ல.
பந்தலுக்குக் கழி கூட வெட்டிட்டாங்க.
விடிஞ்சப்புறம் வாத்தியார் வந்து திருப்பிப் படிச்சாரு.
வி இல்ல, கே."

பின்னால் வந்த இரண்டு பேர்
தண்ணீரைத் தாங்களே மொண்டு குடித்துவிட்டுப் போனார்கள்.

"எங்கம்மா அந்தத் தந்திய வேற யாருகிட்டயும் குடுக்கல.
அவளே எடுத்துக்கிட்டுப் போனா ஏரிக்கரைத் தெருவுக்கு.
சந்தோசம் மூஞ்சில தெரியாம நடக்குறதுக்குள்ள
உசுரே போயிடுச்சுடான்னு
சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா."

எவ்வளவு தூரம் இருக்கும் என்றேன்.

"எங்கூட்டுலருந்தா?
இருநூறு அடி.
குடி, சூடாவுது."

மீதி மூன்று கிலோமீட்டரை
ஒரு செருப்பும் ஒரு ஷூவுமாகத்தான் முடித்தேன்.
செருப்பு அவருடையது, இரண்டு அளவு பெரிசு.
பள்ளிக்கூட மைதானத்தில் மெடல் போட்டார்கள்.
பொங்கலில் மிளகு அதிகம்.
சர்டிபிகேட்டில் என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது,
திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

பஸ் புறப்பட அரைமணி இருந்தது.
அவர் செருப்பை பெஞ்சடியில் வைத்துவிட்டு
கோயில் தெருவில் தொடங்கி
வெறுங்காலோடு நடந்தேன்.
கைக்கடிகாரம் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது:
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் ஆறு.
கம்பெனி விகிதப்படி ஆறு ரூபாய்.

ஏரிக்கரைத் தெருவில்
படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்த பெண்
சீப்பைப் பல்லில் கடித்தபடி
என் மார்பைப் பார்த்தாள்.
"எத்திராஜ் தாத்தாவா?
அவரு ரோட்டுல தண்ணி குடுத்துட்டிருக்காரே, பாக்கலியா?"

வி இல்லை, கே என்று சொல்ல
எனக்கும்
கொஞ்ச நேரம் ஆனது.